கார்பரேட்டரை விட்டுடுங்க, ப்ளீஸ்

"கார்பரேட்டர்ல கசடு இருக்கும் சார். கழட்டி க்ளீன் பண்ணிட்டா சரியாயிடும்."

இதை எங்கிட்ட சொல்லாத ஆளே மெட்ராஸ்ல பாக்கி இல்ல. டீக்கடைக்காரர் சொல்லிட்டார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்லிட்டார். எதிர் வீட்டு மாமா (ஆயுசு முழுக்க டிவிஎஸ் 50 மட்டும் ஓட்டினவர்) பால்கனியில நின்னபடியே சொல்லிட்டார். கிண்டி சிக்னல்ல வண்டி படுத்துக்கிட்டப்போ, பின்னாடி சாப்பாட்டுப் பையோட நின்ன டெலிவரி தம்பி, ஹாரன் அடிக்கறதுக்கு நடுவுல அன்பா எட்டிப் பார்த்து, "அண்ணே, கார்பரேட்டர் பாருங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனான்.

பார்க்காமலா இருப்பேன்? எனக்கு முன்னாடி இந்த வண்டியைத் தொட்ட அத்தனை பேரும் பார்த்திருக்காங்க. அதனாலதான் அந்த ஸ்க்ரூ ஒவ்வொண்ணோட தலையும் தேஞ்சு மொட்டையாயிருக்கு.

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

வண்டி 1987 மாடல் புல்லட் 350. பெரியப்பா கிட்டேருந்து வந்தது. திருவொற்றியூர்ல செஞ்சது. இங்கிலாந்துல ரெடிச்ல ஓடிக்கிட்டிருந்த கம்பெனியோட மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955ல கை கோத்துதான் இங்க புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. அவங்க அங்க புல்லட்டை நிறுத்தி பல வருஷம் ஆனப்புறமும், அதே டிசைனை நாம கிட்டத்தட்ட மாத்தாம செஞ்சுக்கிட்டே இருந்தோம். 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். (புதுசா ஓட்டறவங்க பிரேக்குன்னு நெனச்சு கியரை மாத்துவாங்க, கியர்னு நெனச்சு பிரேக்கை மிதிப்பாங்க. இதைவிட நல்ல திருட்டு அலாரம் இல்ல.)

வியாதி என்னன்னா, காலையில நல்ல பிள்ளையா ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ராஜநடை. அரை மணி ஓடி சூடானதும் இருமல் ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினா இழுக்காது, விட்டா சைலன்சர்ல 'டப் டப்'னு வெடிக்கும். ஐட்லிங் ஒரு சமயம் ஏறி நிக்கும், ஒரு சமயம் அப்படியே செத்துப்போகும். ஓரமா நிறுத்தி பத்து நிமிஷம் விட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஸ்டார்ட் ஆகும்.

இந்த 'ஒண்ணுமே நடக்காத மாதிரி' இருக்கே, அதுதான் ஆளைக் கொல்லும். மெக்கானிக் கிட்ட கொண்டுபோற நேரத்துக்கு வண்டி ஆறிப் போயிருக்கும். அவர் கிக் பண்ணுவார், ஒரே கிக். "நல்லாத்தானே சார் இருக்கு?"ம்பார். அப்புறம் சும்மா அனுப்பக் கூடாதேன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்.

ஏன் எல்லாரும் கார்பரேட்டர் மேலயே பாயறாங்க? எனக்கு ஒரு தியரி இருக்கு. அது கைக்கு எட்டற எடத்துல இருக்கு. அதுல வெளிய தெரியற மாதிரி ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. திருகினா உடனே சத்தம் மாறுது. சத்தம் மாறினா வேலை நடந்த மாதிரி ஒரு திருப்தி, காசு வாங்கறவருக்கும் கொடுக்கறவருக்கும். பொறி அடிக்க வைக்கற பாயிண்டைச் சரி பண்ணினா அப்படி ஒரு நாடகம் கிடையாது. மூடியைக் கழட்டணும், குனியணும், கண்ணாடி போட்டுக்கணும்.

ராயப்பேட்டையில ஒரு பழைய மெக்கானிக், நான் பாய்னு கூப்பிடுவேன். கடை மூடிட்டார், இப்ப சும்மா சேர் போட்டு வாசல்ல உக்காந்திருக்கார். அவர் கிட்ட போய் நின்னேன். வண்டியைப் பார்க்கவே இல்ல. ஒரே கேள்வி.

"தம்பி, எந்த எடத்துல இருமுது?"

"வண்டலூர் தாண்டினதும் பாய்."

"அட ஊர் கேக்கலப்பா. கை எங்க இருக்கும்போது?"

ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கும்போது இருமுதுன்னு கேக்கறார். நான் கவனிச்சதே இல்ல. வண்டி இருமும்போது சாமியைக் கூப்பிடுவோமா, கையைப் பார்ப்போமா?

"கார்பரேட்டர் வியாதின்னா ஒரு எடம் இருக்கும். கரண்டு வியாதிக்கு எடமே கிடையாது, எல்லா எடத்துலயும் இருமும். போய் பார்த்துட்டு வா"ன்னுட்டார். டீ கூட வாங்கித் தரல.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. ஆக்ஸிலேட்டர் பிடிக்குப் பக்கத்துல, அசையாத பாகத்துல ஒரு வெள்ளை டேப் ஒட்டி பேனாவால கோடு போடுங்க. பிடியில இன்னொரு கோடு. மூடின நிலை, கால் பங்கு, அரை, முக்கால், முழுசு. அவ்வளவுதான். இந்த மாதிரி ஸ்லைடு வச்ச கார்பரேட்டர்ல (என்னுது மிக்கார்ப் விஎம் 24) ஒவ்வொரு பங்குக்கும் பெட்ரோல் கொடுக்கறது வேற வேற ஆளு. ஐட்லிங்ல இருந்து எட்டுல ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரைக்கும் ஸ்லைடோட அடி வெட்டு. காலுலேருந்து முக்கால் வரைக்கும் நீடில். அதுக்கு மேல மெயின் ஜெட். ஆக, கார்பரேட்டர்ல கோளாறுன்னா அது கையோட ஒரு குறிப்பிட்ட நிலையிலதான் காட்டும். அறுபதுல இருமிச்சுன்னு மொட்டையா சொன்னா பிரயோஜனம் இல்ல. எந்த கியர்ல, கை எங்க இருந்துச்சுன்னு சொல்லணும்.

டேப் ஒட்டிக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுல போனேன். எல்லா கோட்டுலயும் இருமிச்சு.

பாய் சொன்ன பாதி அப்பவே புரிஞ்சுபோச்சு. ஆனா ஒரு விஷயம் அவர் சொல்லல (டீயை நான் வாங்கிக் கொடுத்திருந்தா சொல்லியிருப்பாரோ என்னவோ). பெட்ரோலே சரியா இறங்கலன்னாலும் எல்லா எடத்துலயும் இருமும். அதனால கரண்டைத் தொடறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடலாம்னு டேங்க்லேருந்து வர்ற டியூபைப் பிடுங்கி, ஒரு காலி தண்ணி பாட்டில்ல விட்டுப் பார்த்தேன். பீடி, சிகரெட் ஆசாமிங்க பக்கத்துல இல்லாம, எஞ்சின் ஆறினப்புறம் வெட்டவெளியில வச்சுப் பண்ணுங்க.

முதல்ல ஜோரா கொட்டிச்சு. பாட்டில் கொஞ்சம் நிறைஞ்சதும் மெல்ல மெலிஞ்சு, நூலாகி, சொட்டாகி, நின்னே போச்சு. டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்'னு ஒரு சத்தம். திரும்ப ஜோரா கொட்டிச்சு!

நல்லெண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊத்திப் பாருங்க, திக்கித் திக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் காத்துக்கு இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஓடும். டேங்க் மூடியில அந்த ரெண்டாவது ஓட்டை இருக்கணும். என் மூடி கொஞ்ச நாள் முன்னாடி புதுசா வாங்கினது, குரோம் பளபளன்னு இருந்துச்சு. உள்ள ரப்பர் வாஷரை உரிச்சுப் பார்த்தா, காத்து ஓட்டை வாஷருக்கு நேர் அடியில. அதாவது ஓட்டை இருக்கு, அதை மூடிக்கிட்டு ரப்பரும் இருக்கு. செஞ்சவன் ரெண்டு கடமையையும் சரியா செஞ்சுட்டான். பிளேடை வச்சு வாஷர்ல சின்னதா ஒரு வெட்டு. முடிஞ்சுது.

இந்த வியாதியை ரோட்டுலயே கண்டுபிடிக்க ஒரு வழி: வண்டி படுத்ததும் டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு உடனே கிக் பண்ணுங்க. எடுத்துட்டா மூடிதான் குற்றவாளி. அதே சமயம் டேங்க் அடியில இருக்கற பெட்ரோல் காக்கைக் கழட்டி அதோட வலையையும் பாருங்க. பழைய டேங்க்ல துரு அங்கதான் வந்து உக்காரும். ஒண்ணு சொல்லணும், சிலர் அழகுக்குன்னு கார்ல போடற பெரிய பெட்ரோல் ஃபில்டரை டியூப் நடுவுல சொருகறாங்க. கார்ல பம்ப் தள்ளுது. இங்க பெட்ரோல் தானா கீழ இறங்கணும். அவ்வளவு அடர்த்தியான பேப்பர் வழியா அது இறங்க யோசிக்கும்.

சரி, மூடி சரியாச்சு. வண்டி குணமாச்சா?

பாதி. நின்னு போறது குறைஞ்சுது. இருமல் அப்படியே இருந்துச்சு. பழைய வண்டியோட பெரிய கொடுமையே இதுதான். வியாதி ஒண்ணா வராது, கூட்டமா வரும். ஒண்ணை சரி பண்ணிட்டு, "குணமாகல, அப்ப இது காரணம் இல்ல"ன்னு பழைய மூடியையே திரும்பப் போட்டீங்கன்னா கதை கந்தல். ஒண்ணைத் தொடு, ஓட்டிப் பாரு, எழுதி வை. அப்புறம் அடுத்தது. ஒரே நேரத்துல பிளக்கும் மாத்தி, பாயிண்டும் மாத்தி, ஏர் ஸ்க்ரூவும் திருகினா, சரியானாலும் எது சரி பண்ணிச்சுன்னு தெரியாது.

அடுத்தது கரண்டு. இங்கதான் எனக்கு உண்மையான சந்தோஷம் கிடைச்சுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

புல்லட்ல பாயிண்ட் இருக்கற எடம் எஞ்சினோட வலது பக்கம், சிலிண்டருக்குப் பின்னாடி. மூடியைக் கழட்டினா ரெண்டு சின்ன உலோக உதடுங்க சேர்ந்து பிரியறது தெரியும். சேரும்போது காயில்ல கரண்டு ஏறுது, பிரியற அந்தக் கணத்துல பிளக்குல பொறி அடிக்குது. முழுசா பிரிஞ்சிருக்கும்போது இடைவெளி 0.35லேருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ஃபீலர் கேஜ் வச்சு அளந்தா என்னுது அதுல பாதி கூட இல்ல. காரணம், கேம் மேல உரசற ஃபைபர் குதிகால் தேஞ்சு போச்சு. அதுக்கு ஒரு துளி கிரீஸ் வைக்கணும்னு கையேட்டுல இருக்கு. யாரும் வைக்கறதில்ல. குதிகால் தேய்ஞ்சா இடைவெளி குறையும், பாயிண்ட் லேட்டா பிரியும், பொறி லேட்டா அடிக்கும். வண்டி சோம்பேறியாகும், சூடாகும், இழுக்காது. உடனே நாம என்ன சொல்வோம்? "கார்பரேட்டர் பாருங்க."

இடைவெளியை சரி பண்ணினா டைமிங்கும் கூடவே மாறும், அதனால அதையும் பார்க்கணும். பழைய புல்லட்ல அதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. ஹெட்லைட் மேல அம்மீட்டர் இருக்கே, அலங்காரத்துக்குன்னு நிறைய பேர் நெனச்சுக்கிட்டிருக்கற அந்த முள்ளு, அதுதான் கருவி. சாவியைப் போட்டு, எஞ்சினைக் கையால மெல்ல சுத்துங்க. பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது முள்ளு மைனஸ் பக்கம் சாயும். பிரியற கணத்துல டக்குனு நடுவுக்கு வந்துடும். பிளக் ஓட்டை வழியா ஒரு மழுங்கின சைக்கிள் கம்பியை விட்டு பிஸ்டன் எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டு, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி முள்ளு நடுவுக்கு வர்ற மாதிரி வச்சுட்டா முடிஞ்சுது. ஸ்ட்ரோப் லைட் வேணாம், ஸ்கேனர் வேணாம். (சாவியைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. பாயிண்ட் சேர்ந்த நிலையில நின்னா காயில் சூடாகிக் கெட்டுப்போகும்.)

அன்னிக்கு ராத்திரி பார்க்கிங்ல லைட்டை அணைச்சுட்டு, பாயிண்ட் மூடி இல்லாமலே வண்டியை ஓட விட்டுப் பார்த்தேன். ஆரம்பத்துல அந்த ரெண்டு உதட்டுக்கும் நடுவுல ஊசிமுனை அளவு நீலம் மினுக்கிச்சு. அது சகஜம். எஞ்சின் சூடாக சூடாக அந்த மினுக்கல் பெருசாகி, மஞ்சளும் ஆரஞ்சுமா படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. கூடவே இருமல். எதிர் வீட்டு மாமா பால்கனிலேருந்து, "வண்டி பத்திக்கப் போகுதுடா"ன்னு கத்தினார்.

அப்ப நான் சிரிச்ச சிரிப்பைப் பார்த்து அவர் உள்ள போயிட்டார்.

கண்டென்சர்! பாயிண்ட் பிரியும்போது கரண்டு அங்கேயே தாவி எரிஞ்சு வீணாகாம, அதை உள்வாங்கி காயில் வேலையைச் சரியா முடிக்க வைக்கற ஒரு சின்ன உலோகக் குப்பி. கிட்டத்தட்ட 0.2 மைக்ரோஃபாரட். விலை ஒண்ணும் பெருசில்ல. இது கெட ஆரம்பிச்சா ஆறின நிலையில ஒழுங்கா இருக்கும், சூடானா கைவிடும், ஆறினா திரும்ப ஒழுங்காகும். மெக்கானிக் கடைக்குப் போனா வண்டி ஏன் யோக்கியமா நடிச்சுதுன்னு இப்ப புரியுதா?

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போய் புதுசு வாங்கி வந்து போட்டேன். வண்டி ஸ்டார்ட்டே ஆகல. பெட்டியிலேருந்து எடுக்கும்போதே செத்த கண்டென்சர்! புது சாமான்னா நல்ல சாமான்னு நம்பற காலம் போயிடுச்சு. கடைசியா ஒரு நண்பன் வீட்டுல தூசி படிஞ்சு கிடந்த அம்பாசடர் கார் கண்டென்சர் கை கொடுத்துச்சு. அளவு கிட்டத்தட்ட அதேதான், உருவம்தான் வேற. எஞ்சின் சூடு படாத எடமா, டேங்குக்கு அடியில காயில் பக்கம் வச்சுக் கட்டிட்டேன். பாயிண்ட் ஒயர் ஒரு முனை, பாடி எர்த் இன்னொரு முனை. இப்ப வரைக்கும் இருமல் இல்ல.

(பதிவு இங்க முடிஞ்சிருக்கணும். முடியல.)

டேப்பட் பத்தி சுருக்கமா: எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கும்போது, ரெண்டு புஷ்ராடும் விரலால சுத்தினா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. அதைவிட இறுக்கமா இருந்தா சூடானதும் வால்வு சரியா மூடாது, கம்ப்ரஷன் போகும். கம்ப்ரஷன் இருக்கான்னு தெரிய கருவி வேணாம். சாவி போடாம கிக்கர் மேல ஏறி நில்லுங்க. உங்களைக் கொஞ்ச நேரம் தாங்கி மெதுவா இறக்கினா நல்லது. ஏறின வேகத்துலயே கீழ வந்துட்டீங்கன்னா, ஒண்ணு வண்டி பலவீனம், இல்ல நீங்க உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கணும்.

மிச்சம் இருந்தது ஐட்லிங். சிக்னல்ல நிறுத்தினா தானா ஏறி நிக்கறது, கொஞ்சம் கழிச்சு தானா இறங்கறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர்ல வெடி. இது காத்து திருட்டு. கார்பரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவுல எங்கயோ காத்து கணக்குல வராம உள்ள நுழையுது. (பாயிண்டுக்கு அடியில இருக்கற அட்வான்ஸ் ஸ்பிரிங் சிக்கிக்கிட்டாலும் ஐட்லிங் இப்படி ஏறி நிக்கும். முதல்ல அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்துடுங்க. சைலன்சர் வெடிக்கு எக்ஸாஸ்ட் பைப் ஜாயிண்ட் லீக்கும் காரணமா இருக்கலாம்.)

காத்து திருட்டைக் கண்டுபிடிக்க இணையத்துல எல்லாரும் ஸ்ப்ரே அடிக்கச் சொல்றாங்க. சூடான எஞ்சின் மேல எரியற திரவத்தை அடிக்கறது எனக்குப் பிடிக்கல. கிரீஸ் போதும். வண்டி ஐட்லிங்ல ஓடும்போது ஜாயிண்டைச் சுத்தி கெட்டியா அப்புங்க. சத்தம் மாறினா, அங்கதான் ஓட்டை. எனக்கு அப்பின உடனே ஐட்லிங் தணிஞ்சுது. ஒரு எடத்துல கிரீஸ் உள்ள குழிஞ்சு போறது கண்ணுக்கே தெரிஞ்சுது.

கழட்டிப் பார்த்தா ஃப்ளேஞ்ச் வளைஞ்சிருக்கு. ஏன் வளைஞ்சுது? ஒவ்வொரு தடவை க்ளீன் பண்ணக் கழட்டும்போதும் ரெண்டு நட்டையும் உயிரே போற மாதிரி முறுக்கியிருக்காங்க. மெத்து உலோகம், நடுவுல வளைஞ்சு ரெண்டு காதும் முன்னாடி வந்துடுச்சு. பாருங்க, இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து புது வியாதியை உண்டாக்கினது இதுதான். ஒரு கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பரை விரிச்சு, தண்ணி தெளிச்சு, ஃப்ளேஞ்சை எட்டு போட்டுத் தேய்ச்சேன். முதல்ல ரெண்டு காதுல மட்டும் பளபளப்பு வந்துச்சு. தேய்க்கத் தேய்க்க அது உள்ள பரவி, முழு முகமும் ஒரே மாதிரி மினுங்கினதும் நிறுத்தினேன். புது ஓ-ரிங், புது பேக்கிங், நட்டை மாத்தி மாத்தி பதமா இறுக்கினேன். வெடி நின்னுச்சு.

கடைசியா, இப்பதான், கார்பரேட்டர். உள்ள முன்னோர்களோட கல்வெட்டு எல்லாம் இருந்துச்சு. பைலட் ஜெட்டை யாரோ பிரேக் கேபிள் இழையால குத்தியிருக்காங்க. அந்த ஓட்டை கால் மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும். இரும்புக் கம்பி பித்தளையைச் சும்மா விடுமா? ஓட்டை கோணலா, ஓரம் பிசிரா இருந்துச்சு. ஜெட்டுக்கு க்ளீனர்ல ஊறப் போட்டு காத்து அடிச்சா போதும், சைக்கிள் பம்ப் தாராளம். அடைப்பு போகலன்னா புதுசு வாங்குங்க, குத்தாதீங்க.

ஏர் ஸ்க்ரூ பத்தி ஒரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. விஎம் மாதிரி கார்பரேட்டர்ல அது ஃபில்டர் பக்கமா இருக்கும், காத்தைக் கட்டுப்படுத்தும். உள்ள திருகினா காத்து குறையும், கலவை ரிச் ஆகும். சில கார்பரேட்டர்ல ஸ்க்ரூ எஞ்சின் பக்கமா இருக்கும், அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். அங்க எல்லாம் தலைகீழ். எந்த ஸ்க்ரூன்னு தெரியாம திருகறதாலதான் பாதி பேர் வண்டி கருப்பா புகையுது. என்னுதுல மெதுவா முழுசா உள்ள விட்டு ஒன்றரை சுத்து வெளிய எடுத்து, அங்கிருந்து காது வச்சுக் கேட்டு சரி பண்ணிக்கிட்டேன்.

அப்புறம் அந்த 'டுப்... டுப்... டுப்' பைத்தியம். எண்ணற மாதிரி அடிக்கணும்னு ஐட்லிங்கை அதலபாதாளத்துல வைக்கறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா எண்ணெய் பம்ப் சுத்தறதும் அதே எஞ்சின்லதானே? அது நொண்டினா இதுவும் நொண்டும். அம்மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் தூங்கி பேட்டரியும் காலி. ரீல்ஸுக்கு ஒரு நிமிஷம் வேணா குறைச்சுக்கோங்க, ஓட்டும்போது ஏத்திடுங்க.

இன்னொண்ணு, பெட்ரோல். இப்ப பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது நூத்துல 20 பங்கு எத்தனால். 2023லேருந்து பங்க்குகளுக்கு வர ஆரம்பிச்சுது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனால் கலந்தா அவ்வளவு வேணாம், இ20க்கு கிட்டத்தட்ட 13.5 போதும். இன்ஜெக்ஷன் வண்டியில சென்சார் இதைக் கண்டுபிடிச்சு சமாளிச்சுக்கும். 1987ல செஞ்ச ஜெட்டுக்கு எத்தனால்னா என்னன்னே தெரியாது, பழைய கணக்குலயே ஊத்தும். அதனால பழைய வண்டி எல்லாமே இப்ப கொஞ்சம் லீன் ஆகத்தான் ஓடுது. நான் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழ மாத்தினேன் (கிளிப் கீழ போனா நீடில் மேல வரும், பெட்ரோல் கூடும்). நடு வேகத்துல இருந்த தயக்கம் போச்சு. இன்னும் பொல்லாதது, எத்தனாலுக்கு ஈரம் பிடிக்கும், மெட்ராஸ்ல ஈரத்துக்குப் பஞ்சமா? மாசக்கணக்குல வண்டி சும்மா நின்னா, தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். காக் இருக்கறதும் அடியிலதான். ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா காக்கை மூடிட்டு எஞ்சின் தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க, ஃப்ளோட் கிண்ணம் காலியாயிடும். பழைய டியூபையும் மாத்திடுங்க, அந்தக் கால ரப்பர் இந்தப் பெட்ரோலைத் தாங்காது.

பிளக் நிறம் பார்க்கறவங்களுக்கு: கருப்பு மசின்னா ரிச், வெள்ளைன்னா லீன், பழுப்புன்னா பிரமாதம். எல்லாரும் சொல்றதுதான். ஆனா ஐட்லிங்ல நின்ன வண்டியோட பிளக்கைக் கழட்டிப் பார்த்து மெயின் ஜெட் மாத்தறது வேஸ்ட். எந்தக் கோட்டுல சந்தேகமோ, அந்தக் கோட்டுலயே ஒரு கிலோமீட்டராவது ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு சாவியை அணைச்சு, ஓரங்கட்டி, அங்கேயே கழட்டிப் பாருங்க. கைக்குத் துணி வச்சுக்கோங்க, கொதிக்கும்.

இவ்வளவும் முடிச்சு வண்டியை பாய் வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். ரெண்டு நிமிஷம் கேட்டார். "பரவால்ல"ன்னார். அவர் அகராதியில அதுக்கு மேல பாராட்டு இல்ல. உடனே ஃபில்டர் பக்கத்து பைப்பைக் கழட்டி, விரலை விட்டு ஸ்லைடை ஆட்டிக் காட்டினார். 'டக் டக்'னு ஆடுச்சு. "இது தேஞ்சு போச்சு தம்பி. ஓரமா காத்து போகும். ஐட்லிங் கடைசி வரைக்கும் கொஞ்சம் அலையத்தான் செய்யும்."

ஆக, டீக்கடைக்காரர், வாட்ச்மேன், மாமா, டெலிவரி தம்பி எல்லாரும் சொன்னதுல ஒரு எட்டணா உண்மையும் இருந்திருக்கு. க்ளீன் பண்ணி சரியாகற உண்மை இல்ல, அதுதான் என் கட்சி.

இப்ப உங்ககிட்ட ஒரு உதவி. மிக்கார்ப் விஎம் 24க்கு அந்தக் காலத்து ஒரிஜினல் ஸ்லைடு, பயன்படுத்தாதது, யார் பரண்லயாவது தூங்குதா? புதுப்பேட்டை முழுக்க அலசிட்டேன். கிடைக்கறதெல்லாம் டூப்ளிகேட், போட்டா சிக்குது. இருந்தா சொல்லுங்க, விலை நீங்க சொல்றதுதான். கண்டென்சரும் கூட இருந்தா ரெண்டா கொடுங்க.